மூன்று வேளை

எம்.கே.பி. நகரில் நான் வளர்ந்த காலத்தில் மாத்திரையை யாரும் பெயர் சொல்லி வாங்கியதில்லை. வேளை சொல்லித்தான் வாங்குவோம். "அண்ணே, உடம்பெல்லாம் அரிப்பு, நைட்டெல்லாம் இளைப்பு. மூணு வேளைக்குக் குடுங்க." அவ்வளவுதான். அட்டையிலிருந்து கத்தரித்த துண்டுகளும் டப்பாவிலிருந்து எண்ணிக் கொட்டிய மாத்திரைகளும் சின்னச் சின்னக் காகித கவர்களில் விழும். எப்போது போட வேண்டும் என்று கவரின் மூலையில் பேனாவால் குறித்துக் கொடுப்பார்கள். என்ன மாத்திரை என்று எங்கும் எழுதியிருக்காது. நாங்களும் கேட்டதில்லை.

2013 வாக்கில் அம்மாவுக்கு இளைப்பு அதிகமானபோது இப்படி ஒரு பொட்டலம் வீட்டுக்கு வரத் தொடங்கியது. உள்ளே ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு பெரிய வெள்ளை மாத்திரை, மிளகைவிடச் சற்றே பெரிய இன்னொரு வெள்ளை மாத்திரை. மஞ்சள் மாத்திரை போட்டால் அம்மா தூங்கிவிடுவார். ஆனால் அவருக்கு நம்பிக்கை அந்தச் சின்னதன் மேல்தான். "அந்தக் குட்டி மாத்திரைதான்டா வேலை செய்யுது" என்பார். உண்மையில் வேலை செய்தது. இரண்டே நாளில் இளைப்பு அடங்கியது, அரிப்பு நின்றது, பசி எடுத்தது. ஆறு மாதத்தில் முகம் உருண்டு திரண்டது. பக்கத்து வீட்டு அக்கா, "இப்பதான் பூசினாப்ல நல்லா இருக்கே" என்று சந்தோஷப்பட்டார். எங்களுக்கும் சந்தோஷம்தான். பொட்டலம் தொடர்ந்தது, இரண்டு வருஷத்துக்கு மேல்.

2015 டிசம்பர் முதல் வாரத்து வெள்ளத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. மாத்திரை தரும் இடம் மூடிக் கிடந்தது. நாலு நாள் பொட்டலம் இல்லை. முதலில் உடம்பு வலி, பிறகு வாந்தி, பிறகு எழுந்து நிற்க முடியவில்லை. வெள்ளத்தண்ணியால் வந்த வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் அம்மாவை ஒரு மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு மெயின் ரோடு வரை வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம்.

அரசு ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் டாக்டர் அம்மாவின் கன்னத்தைப் பார்த்தார், பிடரியைத் தொட்டுப் பார்த்தார், கையில் அங்கங்கே கன்றியிருந்த தோலைப் பார்த்தார். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? பேர் சொல்லுங்க" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு காலி கவரை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேரே இல்லையே தம்பி."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுமையாக இல்லை. அவர் ஊகித்தார். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு, சலைன் ஏற்றினார். சில மணிநேரத்தில் அம்மா கண் திறந்து தண்ணீர் கேட்டார். நின்றுபோன மருந்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்றையே கொடுத்துத்தான் அவரை மீட்டார்கள். மஞ்சள் மாத்திரை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து, குட்டி மாத்திரை ஸ்டீராய்டு என்பதுதான் டாக்டரின் கணிப்பு. இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன, ஒன்றோடு ஒன்று எப்படிச் சேர்ந்தன, இப்படிச் சேர்வதைப் பற்றி இந்த நாட்டின் சட்டம் என்ன சொன்னது என்று தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

*

மஞ்சள் மாத்திரையின் கதை மூத்தது. 1910இல் லண்டனில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடலில் என்னவெல்லாம் செய்கிறது என்று விவரித்தார்கள். நம் தோலிலும் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் சில செல்கள் இதைச் சேமித்து வைத்திருக்கின்றன. தூசி, மகரந்தம், பூச்சிக்கடி என்று ஒவ்வாத ஏதாவது வந்தால் கொட்டிவிடும். ரத்த நாளங்கள் கசியும், தோல் தடிக்கும், அரிக்கும், மூக்கு ஒழுகும்.

இதைத் தடுக்கும் முதல் பொருளை 1937இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் தானியேல் போவே, ஆன்-மரி ஸ்தோப் என்பவரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். கினிப் பன்றிகளை ஹிஸ்டமினிலிருந்து காப்பாற்றிய அந்தப் பொருள் மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சாக இருந்தது. மனிதர்கள் சாப்பிடத்தக்க முதல் மருந்தான ஆன்டர்கன் 1942இல் பிரான்ஸில் வந்தது. போவேவுக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. 1940களின் பிற்பாதியில் டைஃபென்ஹைட்ரமின், ஃபெனிரமின், க்ளோர்ஃபெனிரமின் என்று வரிசையாக வந்தன. ஃபெனிரமின்தான் நம்மூர்க் கடைகளின் அவில். க்ளோர்ஃபெனிரமின்தான் சி.பி.எம். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் இரண்டும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

இந்த முதல் தலைமுறை மருந்துகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை மூளைக்குள்ளும் நுழைந்துவிடும். மூளையில் ஹிஸ்டமின் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் வேலையைச் செய்கிறது. அதையும் மறித்துவிடுவதால் தூக்கம் வரும். எங்கள் தெருவில் அந்தத் தூக்கத்துக்கு, மருந்து கேட்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இளைப்புக்கு இது போதாது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுருக்கும் பொருட்களில் ஹிஸ்டமின் ஒன்று மட்டுமே. மற்றவை இந்த மருந்துக்குக் கட்டுப்படாது. அரிப்போடு வருகிறவருக்கு மஞ்சள் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர் மறுநாளும் வந்து நிற்பார். அவருக்கு வேறொன்று தேவைப்பட்டது.

*

1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக். முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவரின் குழு 'காம்பவுண்ட் ஈ' என்ற பொருளை ஊசியாகப் போட்டது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து எட்வர்ட் கெண்டலும் தனியாக ஸ்விட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்டைனும் 1930களில் பிரித்தெடுத்த பொருட்களில் ஒன்று அது. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் அதை மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியிருந்தார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய்வந்தார். கார்ட்டிசோன் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பொருளுக்காக இரண்டே வருஷத்தில், 1950இல், ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு மருந்து மலிவானது. மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து மூலப்பொருள் கிடைத்தது. 1952இல் அப்ஜான் நிறுவனம் வேதியியலின் கடினமான ஒரு படியைப் பூஞ்சையிடம் ஒப்படைத்தது. 1955இல் பிரெட்னிசோன் வந்தது, 1958இல் டெக்ஸாமெத்தசோன். உடலில் இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசாலைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வீரியமானது என்பதால் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை மிகச் சிறியதாக இருந்தால் போதும். இன்று அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து ஒரு வாசலை மட்டும் மறித்து நிற்கும். ஸ்டீராய்டு அப்படியில்லை, ஊர் முழுக்க ஊரடங்கு போடும். செல்லின் உட்கருவரை போய், அழற்சிக்கான புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களையே அடக்கும். அரிப்பு, வீக்கம், இளைப்பு, மூட்டுவலி, காய்ச்சல் எல்லாம் ஒன்றாக ஓயும். கூடவே சர்க்கரை ஏறும், எலும்பு கரையும், தோல் மெலியும், கிருமிகளை எதிர்க்கும் படையும் வீட்டுக்குள் முடங்கும்.

இன்னொன்றும் நடக்கும். ரத்தத்தில் ஸ்டீராய்டு நிறைய இருப்பதை மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கவனிக்கும். 'வெளியிலிருந்தே வருகிறது, நீ சுரக்க வேண்டாம்' என்று அட்ரினலுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடக்கும் அட்ரினல் சுருங்கும். அந்த நிலையில் வெளி மருந்து திடீரென நின்றால் உடலுக்கு இரண்டு பக்கமும் இல்லை. ரத்த அழுத்தம் சரியும். கார்ட்டிசோன் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் மீளாத அதிர்ச்சிக்குப் போய் இறந்ததை 1952லேயே ஒரு மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் அட்ரினல் சுருங்கிப்போயிருந்தது. அம்மாவின் மீன்பாடி வண்டிப் பயணத்துக்கு அறுபத்து மூன்று வருஷம் முன்பே எச்சரிக்கை அச்சாகிவிட்டது.

*

இரண்டு மருந்துகளையும் முதலில் ஒரே மாத்திரைக்குள் வைத்தது எங்கள் ஏரியா கடைக்காரர் இல்லை. அமெரிக்காவின் ஷெரிங் நிறுவனத்திடம் 1949 முதல் க்ளோர்-ட்ரைமெட்டன் என்ற பெயரில் க்ளோர்ஃபெனிரமின் இருந்தது. 1955இல் மெட்டிகார்ட்டன் என்ற பெயரில் பிரெட்னிசோனும் கைக்கு வந்தது. இரண்டு சரக்கும் ஒரே கம்பெனியிடம். சேர்த்து மெட்ரெட்டான் என்று விற்றார்கள். பெயரைப் பார்த்தாலே இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். பிறகு அதே நிறுவனத்திடமிருந்து செலஸ்டமின் வந்தது: 0.25 மில்லிகிராம் பீட்டாமெத்தசோன், 2 மில்லிகிராம் டெக்ஸ்க்ளோர்ஃபெனிரமின். பிரான்ஸ் உள்ளிட்ட சில நாடுகளில் மருத்துவர் சீட்டோடு அது இன்றும் கிடைக்கிறது.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா, கூடாதா? ஒன்றை ஒன்று விஷமாக்குகிற நேரடி மோதல் பொதுவாக இவற்றுக்கிடையே கிடையாது. கடுமையான தடிப்பு, தீவிர ஒவ்வாமை போன்றவற்றில் மருத்துவர்கள் தெரிந்தேதான் இரண்டையும் சில நாட்களுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வழியில் போய் ஒரே உறுப்பில் சந்திக்கும்.

கண்ணை எடுத்துக்கொள்வோம். பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் கண்மணியை விரித்து, சிலருக்குக் கண்ணின் நீர் வடியும் கோணத்தை அடைக்கக்கூடும். ஸ்டீராய்டு வேறு விதமாக அதே கண்ணின் அழுத்தத்தை ஏற்றும். இதயத்தில், நீண்ட நாள் ஸ்டீராய்டு பொட்டாசியத்தைக் குறைக்கும். ஹைட்ராக்சிசின் போன்ற சில ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் இதயத்தின் மின் துடிப்பை நீட்டிக்கும். பொட்டாசியம் குறைந்த உடலில் அந்த நீட்சி இன்னும் ஆபத்தானது. பசியில், சைப்ரோஹெப்டடின் என்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து பசியைத் தூண்டும், ஸ்டீராய்டும் தூண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒல்லியானவர் சீக்கிரமே 'தேறிவிடுவார்'. அந்தத் தேறுதலில் பெரும்பகுதி நீரும் கொழுப்பும்.

தூக்கத்தில்தான் இருவரும் ஒருவர் தடயத்தை ஒருவர் அழிக்கிறார்கள். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். தனியாகக் கொடுத்தால், "மாத்திரை போட்டதிலிருந்து தூக்கமே வரல" என்று நோயாளி திரும்பி வந்து சொல்வார். மஞ்சள் மாத்திரை அந்தப் புகாரை வராமல் பார்த்துக்கொள்கிறது. அம்மா இரண்டு வருஷமும் நன்றாகத் தூங்கினார்.

ஒரே மாத்திரையாக அடைப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தைத் தேவைப்படும்போது போட்டு, தேவையில்லாதபோது விட்டுவிடலாம். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டை அப்படி விட முடியாது, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். விருப்பப்படி நிறுத்தலாம் என்கிற ஒன்றையும், விருப்பப்படி நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்கிற ஒன்றையும் ஒரே உறைக்குள் போட்டால், அளவைக் கூட்டவும் குறைக்கவும் மருத்துவரிடமே பிடி இருக்காது.

*

இந்திய அரசுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1975இல் ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு, இந்த நாட்டுக்கு நூற்றுச் சொச்சம் அத்தியாவசிய மருந்துகள் இருந்தாலே பெரும்பாலான நோய்களைச் சமாளிக்கலாம் என்று சொன்னது. கடைகளில் இருந்ததோ ஆயிரக்கணக்கான கலவைகள். மருந்துகள் சட்டம் 1940ஆம் ஆண்டிலிருந்தே இருந்தாலும், தரமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு மருந்தை 'இது மக்களுக்குத் தேவையில்லை, ஆபத்து' என்று சொல்லித் தடை செய்யும் நேரடி அதிகாரம் அதில் இல்லை. 1982இல் 26ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்.

அந்த அதிகாரத்தைக் கொண்டு 1983 ஜூலை 23 அன்று ஒரு பட்டியல் வெளியானது. டானிக்கில் ஸ்ட்ரிக்னின் கலப்பது, வலி மாத்திரையில் வைட்டமின் கலப்பது, வயிற்றுப்போக்கு மருந்தில் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தைக் கலப்பது என்று அதுவரை சாதாரணமாக விற்றுக்கொண்டிருந்த பலவற்றுக்கு அதில் தடை. அதே பட்டியலில் ஒரு வரி: உட்கொள்ளும் மருந்துகளில் கார்ட்டிகோஸ்டீராய்டை வேறு எந்த மருந்தோடும் நிலையான அளவில் கலக்கக் கூடாது. வேறு எந்த மருந்தோடும். அந்தத் தேதியோடு இந்தியாவில் செலஸ்டமின் வகை மாத்திரைக்குச் சட்டப்படி இடம் இல்லாமல் போனது. அம்மா அந்தப் பொட்டலத்தை முதலில் பிரித்தது அதற்கு முப்பது வருஷம் கழித்து.

1983க்குப் பிறகு கதை நீதிமன்றங்களுக்குப் போனது. மேலும் பல மருந்துகளைத் தடை செய்யக் கோரி கேரளத்தைச் சேர்ந்த வின்சென்ட் பனிக்குளங்கரா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. எந்த மருந்து தகும், எது தகாது என்பது நிபுணர்கள் தீர்மானிக்க வேண்டியது என்று பொறுப்பை அரசிடமே விட்டது. 2016 மார்ச்சில் அரசு ஒரே நாளில் 344 கலவைகளைத் தடை செய்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன, டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் மறு ஆய்வுக்கு அனுப்பியது. 2018 செப்டம்பரில் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்டில் இன்னும் 156. இந்தப் பட்டியல்களில் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து சேர்ந்த சளி மாத்திரைகள் ஏராளம்.

எல்லாப் பட்டியலும் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகின்றன. சட்டத்தின் கண்ணில் கலவை என்பது ஒரு பெயர், ஒரு உரிமம், ஒரு அட்டை. இரண்டு மாத்திரைகளும் தனித்தனியாக, சட்டப்படி, தரமாகத் தயாராகி வருகின்றன. கலவை நடக்கும் இடம் கடை மேசை. அங்கே தயாராகும் பொருளுக்குப் பெயர் கிடையாது. பெயரில்லாததை எந்த அரசிதழில் தடை செய்வது?

சீட்டில்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவ மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட வேண்டிய 'ஜி' அட்டவணையில் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் இருக்கின்றன. அச்சிட்டும்தான் வருகிறது, அட்டையின் பின்பக்கத்தில். கத்தரிக்கோல் முதலில் வெட்டுவது அந்த எழுத்துகளைத்தான்.

மருத்துவரே மருந்து கொடுத்தால்? அதற்கும் விதி இருக்கிறது. தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கும் பதிவுபெற்ற மருத்துவருக்குக் கடை உரிமம் தேவையில்லை என்று 'கே' அட்டவணை விலக்கு அளிக்கிறது. மருந்து 'ஜி' அல்லது 'எச்' வகையாக இருந்தால், பொட்டலத்தின் மேல் மருத்துவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், உட்கொள்ளும் அளவும் இருக்க வேண்டும். மருந்தின் பெயர்? அதை மருத்துவர் தன் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினாலும் மருந்தின் பெயர் பதிவேட்டில்தான் இருக்கும், நோயாளியின் கையில் இருக்காது. வெள்ளம் வந்து பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் பதிவேட்டை ஆஸ்பத்திரி கேட்டால் என்ன செய்வது?

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் நாங்கள் முதலில் தேடுவது லாகைத்தான். என்ன உள்ளே போனது, எப்போது போனது. அது இல்லையென்றால் எவ்வளவு கெட்டிக்காரனும் ஊகிக்கத்தான் முடியும். அந்த டாக்டர் செய்தது அதுதான். சரியாக ஊகித்தார்.

இதே சென்னை ஒரு காலத்தில் அந்த லாகை வீடு வீடாகப் போய் எடுத்த ஊர். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியும் என்று உலகுக்குக் காட்டியது. அதற்காக ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள். நோயாளி எந்த மருந்தை எவ்வளவு விழுங்கினார் என்பது அவ்வளவு முக்கியமாக இருந்தது. அந்த ஆய்வின் நோக்கத்துக்கே எதிரானது பெயரில்லாப் பொட்டலம். நாள்பட்ட இருமலோடு வருகிறவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், தேறியது போலத் தெரியும். இருமல் காசநோயாக இருந்தால் கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

*

கடைக்காரரைத் திட்டி இந்தக் கட்டுரையை முடிப்பது சுலபம். ஆனால் பொட்டலம் ஏன் எங்கள் பக்கம் இவ்வளவு ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் 1970 முதல் 2017 வரை நிலக்கரி எரித்த அனல் மின் நிலையம், அதன் பிறகும் வடசென்னையில் வேறு அனல் மின் நிலையங்கள். எம்.கே.பி. நகருக்குப் பக்கத்திலேயே கொடுங்கையூர் குப்பை மேடு. அது எரியும் ராத்திரிகளில் ஜன்னலைச் சாத்தினாலும் புகை வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது சனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். இந்தக் காற்றில் இளைப்பும் அரிப்பும் வந்துபோகிற விருந்தாளிகள் இல்லை, வீட்டு ஆட்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை இலவசம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும் அந்த மாத்திரைகளின் அட்டையில் மூலப்பெயரும் இருக்கும். ஆனால் போகவர ஒரு நாள் ஆகும், ஒரு நாள் கூலி போகும். பொட்டலத்துக்கு ஐந்து நிமிஷம், ஐம்பது ரூபாய். அதோடு அது வேலை செய்கிறது. வேலை செய்யாத போலி மருந்தாக இருந்தால் ஜனங்களே விட்டிருப்பார்கள்.

ஸ்டீராய்டு வில்லன் இல்லை. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, செயற்கை சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அளவு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று மூன்றுக்கும் அதில் பதில் இருந்தது. அடுத்த வருஷம் இரண்டாம் அலையில் அந்தப் பதில்களை மறந்து வீட்டில் இருந்தவர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். சர்க்கரை ஏறிய உடல்களில் கருப்புப் பூஞ்சை வந்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

அம்மாவின் கணக்கை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். அந்தக் குட்டி மாத்திரை அரை மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனாக இருந்திருந்தால், மூன்று வேளைக்கு ஒன்றரை மில்லிகிராம். அது 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம், 40 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். சாதாரண நாளில் உடல் தானே சுரப்பது 10இலிருந்து 20 மில்லிகிராமுக்குள். டெக்ஸாமெத்தசோனின் வேலை உடலில் ஒன்றரை நாளுக்கும் மேல் நிற்கும் என்பதால் மூன்று வேளை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் 'இருந்திருந்தால்' என்று தொடங்கும் கணக்குதான். என்ன மாத்திரை என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

*

அம்மா அந்த மாத்திரையிலிருந்து இறங்கிவர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. தெரிந்த ஒரு ஸ்டீராய்டு, எழுதிய அளவு, சில வாரத்துக்கு ஒருமுறை ஒரு படி குறைவு. இப்படிப் பொட்டலம் சாப்பிடுகிற யாரேனும் இதைப் படித்தால் பயத்தில் நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். மிச்சமிருக்கும் மாத்திரைகளோடு ஒரு மருத்துவரிடம் போங்கள். நாங்கள் வெள்ளத்தில் கற்றுக்கொண்டது அது.

இளைப்புக்கு இப்போது இன்ஹேலர். அதை முதல் முறை கையில் கொடுத்தபோது அம்மா வாங்கவில்லை. "இதுலயும் அதுதான் இருக்காமே, அந்த டாக்டரம்மா சொன்னாங்க" என்றார். உண்மைதான். புடசோனைடு என்ற ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெரால் என்ற மருந்தும் ஒன்றாகக் கலந்த இன்ஹேலர் அது. 1983 பட்டியலின் அந்த வரிக்குப் பின்னாளில் ஒரு விலக்கு சேர்த்தார்கள். உறிஞ்சும் மருந்துகளில் மட்டும் ஸ்டீராய்டைக் கலக்கலாம். மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போவதால் மற்ற இடங்களுக்குச் சேர்வது மிகக் குறைவு. தடை செய்த சட்டமே அளவும் வழியும் தெரிந்த இடத்தில் அனுமதித்தது. இதை விளக்கிச் சொன்னேன். அம்மா இன்ஹேலரின் மேல் ஒட்டியிருந்த தாளை நெடுநேரம் பார்த்தார். "பேரு போட்டிருக்கு" என்றார். அதன் பிறகுதான் வாங்கினார்.

போன மாதம் சளிக்கு மாத்திரை வாங்க அவரோடு கடைக்குப் போயிருந்தேன். வேறு கடை. பையன் வழக்கம்போலக் கத்தரித்து, கவரில் போட்டு, மூலையில் பேனாவால் குறித்து நீட்டினான். அம்மா கவரைத் திருப்பிக் கொடுத்தார்.

"பேர் எழுதுப்பா."

"உங்க பேராம்மா?"

"மாத்திரை பேரு."

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறீங்க?" என்று சிரித்தான். பின்னால் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நகரவில்லை. அவன் பேனாவை எடுத்து ஒவ்வொரு கவரிலும் எழுதத் தொடங்கினான். கையெழுத்து புரியவில்லை என்று ஒன்றை மட்டும் மறுபடி எழுதச் சொன்னார்.